பாரிஸில் பிரெஞ்ச் டோஸ்ட் கேட்டால் ஏன் விழிக்கிறார்கள்?

தம்பி, பாரிஸ் வந்து ஒரு மாதம் ஆகிறது, பேக்கரியில் 'பிரெஞ்ச் டோஸ்ட்' கேட்டால் விழிக்கிறார்கள், இந்த ஊர்ச் சாமான் இல்லையென்றால் எதற்கு இந்த ஊர்ப் பெயர் என்று கேட்டிருந்தீர்கள். இருபது வருடத்துக்கு முன்னால் எனக்கும் இதே குழப்பம் இருந்தது.

அந்தப் பெயரை வைத்தவர்கள் இங்கிலீஷ்காரர்கள். நம் ஊரில் வெளியிலிருந்து எது வந்தாலும் 'சீமை' போட்டோம் இல்லையா, சீமெண்ணெய், சீமைக்கத்தரி, சீமைக்கருவேலம் என்று? சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, சீமைக்கத்தரி என்கிற சௌசௌ மெக்சிகோ பக்கத்துக் காய், ஆனால் எந்தச் சீமை என்று யார் கேட்டார்கள். கடலுக்கு அந்தக் கரையில் இருந்தவர்களுக்கு 'பிரெஞ்சு' அப்படி ஒரு சொல். கொஞ்சம் நாசூக்கான சமையல் என்றால் பிரெஞ்சு. நூற்றாண்டுக் கணக்காகச் சண்டை போட்ட நாடு என்பதால், பிடிக்காத பழக்கமும் பிரெஞ்சு.

சொல்லாமல் கொள்ளாமல் கிளம்புவதை அவர்கள் 'பிரெஞ்ச் லீவ்' என்பார்கள். இங்கே அதற்குப் பெயர் 'ஃபிலே ஆ லாங்லேஸ்', அதாவது இங்கிலீஷ்காரன் மாதிரி நழுவுவது. இதை நான் தெரிந்துகொண்டது ஒரு பிறந்தநாள் விருந்தில். கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டும், பேசிக்கொண்டிருப்பவர்களை எதற்குத் தொந்தரவு செய்வது என்று மரியாதையாக நினைத்துக்கொண்டு சத்தமில்லாமல் கிளம்பிவிட்டேன். மறுநாள் வேலையிடத்தில் ஒரு அம்மா இந்தச் சொல்லைச் சொல்லித்தான் கேட்டார், அவருக்கு நிஜமாகவே வருத்தம். இங்கே போகும்போது ஒவ்வொருவரிடமும் போய்க் கன்னத்தோடு கன்னம் வைத்து விடைபெறுவார்கள். அதைச் செய்துவிட்டுக் கிளம்புங்கள், ரயில் போனாலும் பரவாயில்லை.

சரி, டோஸ்ட். இங்கே அது 'பேன் பெர்டு', வீணாய்ப் போன ரொட்டி. காலையில் வாங்கிய பகெட் என்கிற நீள ரொட்டி மறுநாள் விறகுக்கட்டை மாதிரி ஆகிவிடும், அதைத் தூக்கிப் போட மனசு வராதவர்கள் கண்டுபிடித்தது. சாய்வாக வெட்டி, பாலும் முட்டையும் சர்க்கரையும் அடித்த கலவையில் நடுப்பகுதி இளகும்வரை ஊறவிட்டு, வெண்ணெய் நுரைத்து அடங்கும் நேரத்தில் கல்லில் போடுங்கள், ஓரம் மொறுமொறுவென்று வரும். பழைய ரோமானியச் சமையல் குறிப்பிலேயே பாலில் ஊறவைத்துப் பொரித்த ரொட்டி இருக்கிறது, ஆக இதை எந்த நாடும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியாது. உணவகத்தில் தேடினால் காலைச் சிற்றுண்டியில் பார்க்காதீர்கள், பெரும்பாலும் இனிப்புப் பக்கத்தில் இருக்கும்.

'பிரெஞ்ச் ஃப்ரைஸ்' என்கிற உருளைக்கிழங்கு வறுவலுக்கு இங்கே 'ஃப்ரித்' என்றாலே போதும். அது பாரிஸுடையதா பெல்ஜியத்துடையதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 2003இல் ஈராக் போரை பிரான்ஸ் எதிர்த்த கோபத்தில் அமெரிக்க நாடாளுமன்ற உணவகத்தில் அதன் பெயரை 'ஃப்ரீடம் ஃப்ரைஸ்' என்று மாற்றினார்கள், 2006இல் பழைய பெயரே திரும்பியது.

பெயர் வைப்பதில் பிரெஞ்சுக்காரர்களும் சும்மா இல்லை. வான்கோழிக்கு இங்கே 'டேண்ட்', 'இந்தியாவிலிருந்து வந்தது' என்பதன் சுருக்கம். ஆங்கிலத்தில் அதற்குத் துருக்கியின் பெயர். பறவை அமெரிக்காவினுடையது.

அப்புறம் ஒன்று தம்பி, பேக்கரியில் விழித்ததற்கு ஆங்கிலப் பெயர் மட்டும் காரணமாக இருக்காது. உள்ளே நுழைந்ததும் முதலில் 'போன்ஜூர்' என்று வணக்கம் சொல்லுங்கள், அவர் திருப்பிச் சொன்ன பிறகு என்ன வேண்டுமோ கேளுங்கள்.