சின்ன நாடுகள் ஏன் வெளிநாட்டுப் படையைத் தங்க வைக்கின்றன?

சொந்த மண்ணில் அடுத்தவன் படையை விடுவது அடிமைத்தனம் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்க பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்துச் சாளையில் வயசான அப்புச்சி தனியாக இருந்தால், ராத்திரிக்கு மாப்பிள்ளை முறையில் யாராவது வந்து வாசலில் கட்டிலைப் போட்டுப் படுப்பார். அவர் ஒருத்தரால் பத்துத் திருடர்களை அடிக்க முடியாது, ஆனால் அவர் மேல் கை வைத்தால் அவங்க ஊரே திரண்டு வரும் என்று வருகிறவனுக்குத் தெரியும். அதே கணக்குதான்.

ஐரோப்பாவின் லிதுவேனியாவில் 30 லட்சம் பேர்கூட இல்லை, கோவை மாவட்டத்தைவிடக் குறைவு. ஒரு பக்கம் ரஷ்யாவின் கூட்டாளியான பெலாரஸ், இன்னொரு பக்கம் ரஷ்யாவின் கலினின்கிராட் பகுதி. 2017-லிருந்து ஜெர்மனி தலைமையில் நேட்டோ (அமெரிக்கா, ஐரோப்பிய நாடுகளின் ராணுவக் கூட்டணி) படைப்பிரிவு அங்கே இருக்கிறது. 2027-க்குள் சுமார் 5,000 பேர் கொண்ட ஜெர்மன் படையணியே நிரந்தரமாகத் தங்குவதாகத் திட்டம்.

பிலிப்பைன்ஸ் கதை வேறு. அமெரிக்கப் படைத்தளம் தொடர்வதற்கான ஒப்பந்தத்தை 1991-ல் அந்த நாட்டு செனட் (நாடாளுமன்ற மேலவை) நிராகரிக்க, அடுத்த வருஷம் அமெரிக்கர்கள் சூபிக் கடற்படைத் தளத்தைக் காலி செய்தார்கள். 1995-ல் பார்த்தால், பிலிப்பைன்ஸ் தன்னுடையது என்கிற தென்சீனக் கடலின் மிஸ்சீஃப் திட்டில் சீனா உட்கார்ந்திருந்தது. அப்புறம் 2014-ல் அமெரிக்காவோடு மறுபடி ஒப்பந்தம், நிரந்தரத் தளம் மட்டும் கிடையாது என்ற நிபந்தனையோடு.

சரி, இதற்கு விலை இல்லையா? ஒகினாவாக்காரர்களைக் கேளுங்கள். ஜப்பானில் அமெரிக்கப் படைக்கென்றே ஒதுக்கிய நிலத்தில் சுமார் 70 சதவீதம் அந்தச் சின்னத் தீவுக்கூட்டத்தின் தலையில்தான்.