மாணவர் விசாவில் சட்ட ஆங்கிலம் படிப்பிக்கலாமா?

தங்கச்சி, திருகோணமலையில் சட்டத்தரணியாக இருந்துவிட்டு மேற்படிப்புக்கு லண்டன் வந்திருக்கிறீர்கள். வேறு நாட்டுச் சட்டத்தரணிகளுக்கு ஆன்லைனில் சட்ட ஆங்கிலம் படிப்பித்து வாடகையைச் சமாளிக்கலாமா, குளிர் எப்படி, அறை எங்கே எடுக்கலாம் என்று கேட்கிறீர்கள். குளிருக்கு நல்ல ஜக்கெட் ஒன்று வாங்குங்கள், அவ்வளவுதான்.

விசாதான் பெரிய விஷயம். மாணவர் விசாவில் சுயதொழில் செய்யக்கூடாது. பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம் வேலை செய்யலாம் என்பது ஒருவரிடம் சம்பளத்துக்குப் போகும் வேலைக்கு. பிரேசில் சட்டத்தரணி ஒருவருக்கு உங்கள் அறையிலிருந்து சூமில் பாடம் எடுத்து, காசை நேரே வாங்கினால் அது சுயதொழில். "ஆருக்குத் தெரியப்போகுது" என்று சொல்ல ஈஸ்ட்ஹாமில் நாலு பேர் இருப்பார்கள். குடிவரவு ஆலோசனையும் அவர்களே தருவார்கள், காசுக்கு! பதிவில்லாமல் அதைத் தொழிலாகச் செய்வது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஊரில் ஒரு வழக்குக்கூட எழும்பிப் பேசாதவர்கள் இங்கே 'லோயர் அண்ணை' ஆகிவிடுகிறார்கள்.

அடுத்தது சான்றிதழ் வியாபாரம். கேம்பிரிட்ஜ் நடத்திய சட்ட ஆங்கிலப் பரீட்சை 2016ஓடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அதன் பெயரில் வகுப்பு விற்ற ஆட்களைக் கண்டிருக்கிறேன். நான் வந்த புதிதில் இரவு முழுக்கப் பெற்றோல் செட்டில் நின்று சேர்த்த காசை இப்படி ஒரு இடம் வாங்கிக்கொண்டு, அச்சடித்த சொற்பட்டியல் ஒன்றைத் தந்தது.

சொற்பட்டியலுக்கு ஆசிரியர் எதற்கு? போலந்து, துருக்கிச் சட்டத்தரணிகள் என்னிடம் சட்ட ஆங்கிலம் படிக்க வருவது வேறு காரணத்துக்கு. சட்டம் அவர்களுக்குத் தெரியும், ஆங்கிலமும் வாசிப்பார்கள். கட்சிக்காரருக்கு இரண்டு பந்தியில் ஆலோசனை எழுதச் சொன்னால் சட்டப்பிரிவுகளைக் கொட்டிவிட்டு, என்ன செய்யவேண்டும் என்பதைச் சொல்லாமல் முடிப்பார்கள். இங்கே சொலிசிட்டராக வர 2021இலிருந்து நடக்கும் எஸ்.கியூ.இ. பரீட்சையின் இரண்டாம் பகுதி இதையேதான் சோதிக்கிறது: கட்சிக்காரரை விசாரிப்பது, வாதாடுவது, கடிதம் எழுதுவது, ஆவணம் வரைவது. அதற்குப் படியுங்கள், படிப்பிக்கவும் உதவும்.

நமக்கு ஒரு வாய்ப்பும் இருக்கிறது. ஒப்பந்தத்துக்குக் கைம்மாறு, அதாவது வாக்குக்குப் பதிலாக ஏதாவது கொடுப்பது, வேண்டும் என்ற ஆங்கிலச் சட்டக் கொள்கை ஐரோப்பியருக்கு விளங்காது. இலங்கையில் நடைமுறையிலுள்ள ரோமன் டச்சுச் சட்டத்தில் அது தேவையில்லை, ஆனால் நம் வர்த்தகச் சட்டம் பெரும்பாலும் ஆங்கிலேயருடையது. இரண்டு பக்கமும் நின்று பழகிய நாம் அதை விளக்குவது போல லண்டனில் பிறந்த ஆசிரியருக்கு வராது.

இந்த வேலையை நான் படித்தது திருகோணமலையில் என் சீனியரிடம். மூதூரிலிருந்து லோஞ்சில் வரும் கட்சிக்காரர் காணிச் சண்டையைப் பாட்டன் காலத்திலிருந்து தொடங்குவார். சீனியர் கேட்டுக்கொண்டே இருப்பார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, அவருக்கு அவற்றை கதையைத் திருப்பிச் சொல்லும்" என்பார். நான் சட்டம் பேசத் தொடங்கினால் கையைக் காட்டி நிறுத்துவார். கட்சிக்காரர் "ஓம், அதுதான்" என்று தலையாட்டினால்தான் உறுதியை எடுத்து விரிப்பார். என் வகுப்பிலும் முதல் பயிற்சி இதுதான்.

அறை விஷயம்: ஊர்க்காரர் என்றாலும் எழுத்தில் ஒப்பந்தமும் முற்பணத்துக்கு ரசீதும் கேளுங்கள். "நமக்குள்ளே எதுக்குத் தங்கச்சி" என்பார்கள். சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை கேளுங்கள்.