பாய்லருக்கு வாங்கிய எண்ணெய் டிரக்டருக்கு ஆகுமா?

கேள்வி: மூடிக்கிடக்கும் ரப்பர் ஆலையில் பாய்லருக்கு வாங்கிய எண்ணெய் இரண்டு டிரம் மிச்சம் இருக்கிறது. குளிர் நாடுகளில் வீட்டைச் சூடேற்றும் எண்ணெயை டிரக்டரில் ஊற்றுகிறார்களாம். என் பழைய மேசி ஃபெர்குசன் 240 டிரக்டரில் இதை ஊற்றலாமா? – வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அங்கே வீட்டுக்கு வாங்குவது கிட்டத்தட்ட டீசல்தான். நம் பாய்லர்களுக்கு வருவது எல்லாம் அப்படி இல்லை. கண்ணாடிப் போத்தலில் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பாருங்கள். கறுப்பாய், வெளிச்சமே தெரியாமல் இருந்தால் அது ஃபர்னஸ் எண்ணெய். சூடாக்கினால்தான் ஒழுங்காக ஓடும். டிரக்டர் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

மஞ்சளாய்த் தெளிந்திருந்தால் பெரும்பாலும் டீசல். நம் டீசலில் பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலந்திருப்பதால் ஈரத்தை இழுக்கும். நாள்பட்டால் அடியில் தண்ணீர் சேரும், அதற்கு மேலே கொழகொழவென்று பூஞ்சை பிடிக்கும். உங்கள் மேசியின் பம்புக்கு மசகே அந்த டீசல்தான். தண்ணீர் புகுந்தால் துருப்பிடித்து இறுகிவிடும்.

டிரம்மை உருட்டாமல் இரண்டு நாள் அசையாமல் வையுங்கள். கைபம்பின் குழாயை அடியிலிருந்து நான்கு அங்குலம் மேலே நிறுத்தி எடுங்கள். தண்ணீரைத் தடுக்கும் ஃபில்டர் புனலில் வடித்து, ஒரு பங்குக்கு நாலு பங்கு புது டீசல் சேருங்கள். ஒரு ஃபில்டர் கையிருப்பில் இருக்கட்டும். மாற்றிய பிறகு எரிபொருள் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற மறக்காதீர்கள். இதெல்லாம் பழைய பம்பு வண்டிக்கு மட்டும். வீட்டில் யாராவது வாங்கிய புது டிரக்டர் காமன் ரெயில் (மிக அதிக அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் புதுவகை இஞ்சின்) என்றால் ஒரு சொட்டும் வேண்டாம். நாலுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று என்றெல்லாம் கேட்காதீர்கள், வேண்டாம். அதன் இஞ்செக்டர் அவ்வளவு நுணுக்கமானது, மாற்றினால் செலவு தாங்காது.

இந்த இரண்டு டிரம் தீர்ந்ததும் லோரியில் ஒருவர் வந்து ‘ஃபேக்டரி டீசல், மலிவு’ என்பார். பல நேரம் அது கழிவு எண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்த சரக்கு. மூக்கில் பட்டாலே தெரியும். ரசீது கேளுங்கள், லோரி கிளம்பிவிடும். டீசல் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டுப்பாட்டுப் பொருள்; மாட்டினால் வாங்கியவருக்கும் வம்பு. ஆனால் அந்த லோரிக்காரருக்கு வாடிக்கை சேர்த்துக் கொடுத்ததே நம் அரசாங்கத்தின் டீசல் மானிய ஏற்பாடுதான். 2024 ஜூன் 10-இல் தீபகற்ப மலேசியாவில் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. சிறுதோட்டக்காரருக்கு மாதம் 200 வெள்ளி உதவித்தொகை என்றார்கள், அதற்கும் விண்ணப்பம், ஆவணம், காத்திருப்பு. டிரம்மில் வாங்கப் போனால் பெர்மிட் எங்கே என்கிறார்கள். டிரக்டரை எண்ணெய் நிலையம் வரை ஓட்டிப்போகவா முடியும்?

அடியில் மிஞ்சும் சேற்றைக் கால்வாயில் ஊற்றாமல், உரிமம் உள்ள கழிவு எண்ணெய்க்காரரிடம் கொடுங்கள்.