புதன்கிழமை டப்பாவுக்காக ஞாயிறே சமைப்பது

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. மதிய இடைவேளை அரை மணி நேரம்தான், அதில் பாதி மைக்ரோவேவ் வரிசையிலேயே கழிந்துவிடுகிறது. அதனால் சூடாக்கத் தேவையில்லாத பாஸ்தா சாலடை ஞாயிற்றுக்கிழமையே மொத்தமாகச் செய்து வைத்தீர்கள். திங்களன்று நன்றாக இருந்தது, செவ்வாயன்று விறைத்துச் சப்பென்று ஆனது, புதனன்று குப்பைக்குப் போனது. சாப்பிட்ட நாளிலும் நான்கு மணிக்கெல்லாம் பசி. இறைச்சியும் மீனும் கிடையாது, முட்டை உண்டு. இதை எப்படிச் சரிசெய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஊரைவிட்டு வந்து பதினாறு வருடம் ஆகிறது. முதல் வருடம் முழுக்க மதியத்தை பிஸ்கட்டும் காபியுமாக ஓட்டினேன். மாலையில் தலைவலி வரும், இரவில் கண்டபடி சாப்பிடுவேன். வேலைப்பளுதான் காரணம் என்று நினைத்திருந்தேன். மதியம் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் தலைவலி நின்றது. அதனால் நீங்கள் கேட்டதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவே இல்லை.

உங்கள் சாலடில் நடந்த தவறு ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ருசிபார்த்து, ஞாயிற்றுக்கிழமை வாய்க்குச் சரியாகச் செய்திருக்கிறீர்கள். சாப்பிடப்போவதோ செவ்வாயும் புதனும், அதுவும் குளிர்ந்த நிலையில். பாஸ்தா வேகும் பதம், உப்பு, புளிப்பு, எதை எப்போது சேர்ப்பது என்று எல்லாவற்றையும் அந்த நாளை மனதில் வைத்து முடிவு செய்ய வேண்டும்.

முதலில் பசி. நீங்கள் எழுதிய டப்பாவில் இருப்பது பாஸ்தா, மயோனைஸ், சோளம், குடைமிளகாய். ஒரு டப்பாவுக்கு 75 கிராம் உலர் பாஸ்தா என்று வைத்தால் அதில் சுமார் 9 கிராம் புரதம் இருக்கும். மற்றவை சேர்ப்பது மிகக் கொஞ்சம். பெரியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.8 கிராம் என்பது குறைந்தபட்சக் கணக்கு. 60 கிலோ இருப்பவருக்கு நாளைக்கு 48 கிராம். காலையில் ரொட்டித் துண்டோடு ஓடுபவர் மதியமும் 9 கிராமில் நின்றால் நான்கு மணிக்குப் பசிக்காமல் என்ன செய்யும்?

நான் நான்கு டப்பாவுக்குப் போடும் அளவைச் சொல்கிறேன். உலர் பாஸ்தா 300 கிராம், டின் கொண்டைக்கடலை இரண்டு, முட்டை நான்கு, ஃபெட்டா சீஸ் 120 கிராம், கெட்டியான கிரேக்கத் தயிர் 100 கிராம். 400 கிராம் டின்னில் தண்ணீரை வடித்தால் சுமார் 240 கிராம் கடலை நிற்கும், இரண்டு டின்னிலும் சேர்த்து 34 கிராம் அளவுக்குப் புரதம். பாஸ்தாவில் 37, முட்டையில் 24, ஃபெட்டாவில் 17, தயிரில் 9 அல்லது 10. மொத்தம் 120-ஐத் தாண்டும், டப்பாவுக்கு 30 கிராம். பாஸ்தாவின் அளவை நான் ஏற்றவே இல்லை, கவனியுங்கள். கடலைதான் வயிற்றில் நெடுநேரம் நிற்கிறது, நார்ச்சத்தும் அதிலிருந்துதான் வருகிறது. (இதைப் படிக்கும் அசைவக்காரர்கள் முட்டைக்குப் பதிலாக டின் சூரை மீனோ வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியோ போடலாம். 100 கிராமுக்கு 25 முதல் 30 கிராம் புரதம் வந்துவிடும்.)

பருப்பு மாவிலும் கடலை மாவிலும் செய்த பாஸ்தா கிடைக்கிறது, புரதம் கோதுமை பாஸ்தாவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சூடாகச் சாப்பிட நல்லதுதான். குளிர்ந்த சாலடில் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் நாள் மணல்போல நெருடும், கிளறினால் உடையும். சாதாரணக் கோதுமை பாஸ்தாவோடு முழுக்கடலையைச் சேர்ப்பதே என் வழி.

இனி விறைப்பு. வெந்த மாவுச்சத்து குளிரில் மறுபடி இறுகும். ஃப்ரிட்ஜில் வைத்த பாஸ்தா கடினமாவது அதனால்தான். பொட்டலத்தில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் ஒன்றரை, இரண்டு நிமிடம் வேகவிடுங்கள். சூடாகச் சாப்பிட்டால் சற்றுக் குழைவாகத் தோன்றும், குளிர்ந்ததும் சரியான பதத்துக்கு வரும். 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 10 கிராம் உப்பு. இந்த உப்பைக் குறைக்காதீர்கள், பாஸ்தாவுக்குள் உப்பு இறங்குவது இந்த ஒரு சமயத்தில்தான். வடித்தவுடன் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். சூடான குழம்புச் சாஸ் ஊற்றப்போகிறோம் என்றால் அலசக்கூடாது. சாலடுக்கு அலசியே ஆக வேண்டும், மேலே இருக்கும் மாவுப் பசை போனால்தான் ஒன்றோடொன்று ஒட்டாது, சூடும் சீக்கிரம் இறங்கும். பிறகு பத்து நிமிடம் வடிதட்டிலேயே விடுங்கள். ஃபுசில்லி மாதிரி முறுக்கு வடிவம் நல்லது, மசாலாவும் சீஸும் அதன் மடிப்புகளில் தங்கும். பட்டாம்பூச்சி வடிவ ஃபார்ஃபாலேயின் நடுமுடிச்சு கெட்டியாகவே நிற்கும், அதை நான் வாங்குவதில்லை.

சூடு சீக்கிரம் இறங்குவதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். வந்த இரண்டாவது வருடம் ஒருநாள் களைப்பில் வடித்த பாஸ்தாவைப் பாத்திரத்தோடு அடுப்பு மேல் மூடிவைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் கெட்ட வாடை எதுவும் இல்லை. எடுத்துப்போய்ச் சாப்பிட்டேன். மாலைக்குள் வாந்தி, அறையில் துணைக்கு ஆளில்லாமல் இரவு முழுக்கக் கிடந்தேன். பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா அரிசி, பாஸ்தா போன்ற மாவுப் பண்டங்களில் இருக்கும். அதன் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் தப்பும். வெந்த பண்டம் வெதுவெதுப்பாகவே நெடுநேரம் கிடந்தால் பெருகி நஞ்சை உண்டாக்கும், வாந்தியைத் தரும் அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. எனக்கு வந்தது அதுதானா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் டப்பாக்கள் ஃப்ரிட்ஜுக்குள் போய்விடும். ஃப்ரிட்ஜ் 5 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ இருக்கட்டும். கதவுத் தட்டில் வைக்காதீர்கள், உள்ளே பின்பக்கம் வையுங்கள். ஞாயிறு மாலை செய்தால் வியாழன் மதியம்தான் கடைசி. வெள்ளிக்கிழமைக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது சப்பென்று போவது. குளிர்ந்த உணவில் நாக்குக்கு ருசி மங்கித்தான் தெரியும். போதாக்குறைக்கு பாஸ்தா ஊற்றியதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே ருசிபார்க்கும்போது உப்பும் புளிப்பும் ஒரு பிடி தூக்கலாக இருக்கட்டும். நான்கு டப்பாவுக்கு ஆலிவ் எண்ணெய் ஐந்து மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறோ வினிகரோ மூன்று மேசைக்கரண்டி, கடுகு விழுது ஒரு தேக்கரண்டி, உப்பு, தாராளமாக மிளகுத்தூள். இதில் மூன்றில் இரண்டு பங்கைப் பாஸ்தாவும் கடலையும் சேர்ந்த கலவையில் அன்றே ஊற்றிக் கிளறுங்கள். மீதி ஒரு பங்கைத் தயிரோடு அடித்து நான்கு குட்டி டப்பாக்களில் தனியாக வையுங்கள். அதைச் சாப்பிடும்போதுதான் ஊற்ற வேண்டும். உங்கள் செவ்வாய்க்கிழமையைக் காப்பாற்றப்போவது இந்தக் குட்டி டப்பாதான். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

காய்களில் குடைமிளகாய், கேரட், சோளம் எல்லாம் நான்கு நாளும் தாங்கும். வெள்ளரிக்காயின் விதைப் பகுதியை வழித்தெடுத்து, நறுக்கி, உப்புத் தூவிக் கால் மணி நேரம் வைத்துப் பிழிந்து போடுங்கள். இல்லாவிட்டால் டப்பா அடியில் தண்ணீர் தேங்கும். செர்ரி தக்காளியை வெட்டாமல் முழுதாகப் போடுங்கள். பச்சை வெங்காயம் நாள் போகப்போக நெடியேறும், பத்து நிமிடம் வினிகரில் ஊறவைத்தால் அடங்கும். வாசனை இலைகளில் பார்ஸ்லி தாங்கும், பேசில் கறுத்துவிடும். கீரை இலைகளைக் காலையில் கிளம்பும்போது மேலே போட்டுக்கொள்ளலாம்.

முட்டையை ஞாயிறே பத்து நிமிடம் வேகவைத்து ஓட்டோடு ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஒரு வாரம் வரை இருக்கும். அன்றன்று காலையில் ஒன்றை உரித்து முழுதாகவே போட்டுக்கொண்டு போங்கள், முள்கரண்டியாலேயே உடைத்துக்கொள்ளலாம். முன்கூட்டியே நறுக்கிப் போட்டால் மஞ்சள் கரு எல்லாவற்றிலும் அப்பி மணமும் மாறிவிடும்.

ஒரு எச்சரிக்கை. கொண்டைக்கடலைக்கு மாற்றாகச் சிவப்பு ராஜ்மா போட நினைத்தால் டின்னில் வருவதை அப்படியே பயன்படுத்தலாம், அது வெந்தது. உலர்ந்ததை வாங்கினால் இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகு மிருதுவாகும்வரை வேகவிடுங்கள். மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரத்தில் நேராகப் போடவே கூடாது. அரைவேக்காட்டு ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் வயிற்றைப் புரட்டிப்போட்டுவிடும்.

அலுவலகத்துக்குப் போகும் வழி நீளமென்றால் பைக்குள் ஒரு ஐஸ் பேக் வையுங்கள், போனதும் அங்குள்ள ஃப்ரிட்ஜில் பெயர் எழுதி வைத்துவிடுங்கள். சாப்பிடுவதற்குக் கால் மணி நேரம் முன்பு வெளியே எடுங்கள். ஆலிவ் எண்ணெய் குளிரில் உறைந்திருக்கும், அது இளகினால்தான் மணம் வரும். வால்நட் தூவ ஆசைப்பட்டால் பக்கத்தில் உட்காருபவர்களுக்கு ஒவ்வாமை உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வரிசையில் நிற்காமல் நேராக மேசைக்குப் போனால் அரை மணி நேரமும் உங்களுடையது. மூன்று மாதமாக யாரோடும் நாலு வார்த்தை பேச முடியவில்லை என்று கேள்வியின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், அது மனதிலேயே நிற்கிறது. எனக்கு இங்கே கிடைத்த முதல் சிநேகிதி, என் டப்பாவைப் பார்த்து அதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டவள்தான். இன்றைக்கும் பேசிக்கொள்கிறோம்.

இந்த ஞாயிறு முதலில் இரண்டு டப்பாவுக்கு மட்டும் பாதி அளவில் செய்து பாருங்கள். செவ்வாய்க்கிழமை சாப்பிட்டுவிட்டு உப்பு குறைந்ததா, புளிப்பு குறைந்ததா, பாஸ்தா இன்னும் இறுக்கமா என்று எழுதுங்கள். அதை வைத்து அளவைத் திருத்திச் சொல்கிறேன்.