ஐப்பசிக்கு முன் கூரையைப் பார்த்தல்: கேள்வி பதில்

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் தங்கள் வீட்டுக் கூரை குறித்து டெல்டாவின் பல ஊர்களிலிருந்தும் உறுப்பினர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு, கட்டட மேற்பார்வையில் நீண்ட அனுபவம் உள்ள உறுப்பினர் ஒருவர் இங்கே பதில் அளிக்கிறார்.

திருவையாறு: எங்களுடையது சீமை ஓடு வேய்ந்த வீடு. சென்ற கார்த்திகையில் கூடத்தில் மூன்று இடங்களில் ஒழுகியது. மேலே ஏறி நானே பார்க்கலாமா?

ஏற வேண்டாம். பாசி படிந்த ஓடு வழுக்கும். சட்டத்தின் மேல் கால் வைக்கத் தெரியாதவர் ஏறினால், பார்க்கப் போன இடத்தில் இன்னும் பத்து ஓடுகள் உடையும். உச்சிவெயில் நேரத்தில் கதவு, ஜன்னல்களைச் சாத்திவிட்டு, கூடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். வெளிச்சம் புள்ளியாகவோ கோடாகவோ தெரிகிற இடங்களில் ஓடு விலகியிருக்கிறது அல்லது விரிசல் விட்டிருக்கிறது. ஆனால் சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். உள்ளே வந்த தண்ணீர் சட்டத்தின் அடிப்புறமாகவே சிறிது தூரம் வழிந்து வந்து சொட்டும் என்பதால், அங்கிருந்து முகடு நோக்கிக் கண்ணை நகர்த்த வேண்டும்.

புதிய ஓடு வாங்கப் போகும்போது பழைய ஓடு ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபையார் 1865இல் தொடங்கிய இந்த ஓட்டைப் பின்னர் பல சூளைகள் செய்தன. ஒரு சூளை ஓட்டின் பள்ளம் இன்னொரு சூளை ஓட்டின் மேட்டில் சரியாக உட்காருவதில்லை.

ஓடு மாற்றுவது எளிய வேலை. நான் கவலைப்படுவது மரத்துக்காகத்தான். சுவரில் கரையானின் மண்கோடு சட்டம் வரை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எட்டுகிற இடத்தில் ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி எதிர்ப்பின்றி இறங்கினாலும், தெருவில் நின்று பார்க்கையில் முகட்டுக்கோடு நடுவில் தொய்ந்து தெரிந்தாலும், ஓடு மாற்றுபவரை அனுப்பிவிட்டுத் தச்சு ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

கும்பகோணம்: தாத்தா காலத்து மெட்ராஸ் மாடி. கைப்பிடிச்சுவர் ஓரத்தில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. அதை வெட்டிவிட்டு, மாடி முழுவதும் சிமெண்ட் பூசிவிடலாம் என்கிறார் கொத்தனார்.

இரண்டுமே தவறு. அரசங்கன்றை மேலோடு வெட்டினால், வேர் சுவருக்குள் இருந்து மறுபடி துளிர்க்கும். அந்த இடத்துக் காரையைப் பெயர்த்து, வேரை முழுவதுமாக எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் கலவையால் அடைக்க வேண்டும்.

சிமெண்ட் பூச்சைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் நல்ல மாடிகள் பல இதனால்தான் கெடுகின்றன. மெட்ராஸ் மாடியில் தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பால் இணைத்து, அதன் மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும் போட்டிருப்பார்கள். வெயிலிலும் மழையிலும் மரத்தோடு சேர்ந்து சிறிது அசைந்துகொடுப்பது சுண்ணாம்பின் குணம்; சிமெண்ட் அப்படி அசையாமல் வெடிக்கும். வெடிப்பு வழியே இறங்கிய ஈரம் ஆவியாக வழியின்றிக் கட்டைக்குப் போய்ச் சேரும். பாரமும் சிறியதல்ல: 100 சதுர அடியில் 1 அங்குலக் கனத்துக்குப் பூசினாலே ஏறக்குறைய அரை டன் கூடிவிடுகிறது.

கட்டைகள் முதலில் உளுத்துப்போவது நடுவில் அல்ல, சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில். ஆகையால் கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தைச் சுற்றி ஈரக்கறையோ மரத்தூளோ இருந்தால், பழைய கட்டடங்களில் பழக்கமுள்ள பொறியாளர் ஒருவர் பார்த்த பிறகே எந்த வேலையையும் தொடங்க வேண்டும்.

வேதாரண்யம்: கான்கிரீட் வீடு, கட்டி இருபது ஆண்டுகள் ஆகின்றன. படுக்கையறையில் மேற்பூச்சு பெயர்ந்து கம்பி தெரிகிறது. பூசிவிட்டால் போதுமா?

போதாது. கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியை அரித்திருக்கக்கூடும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தைப் பிடித்துக்கொள்வதால், அதுவே கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளுகிறது. துருவை எடுக்காமல் பூசினால் அந்தப் பூச்சும் விழும்.

கட்டிலை இன்றே அடுத்த அறைக்கு மாற்றிவிடுங்கள். தலைக்கு நேராக இல்லாமல் தள்ளி நின்று, நீண்ட கழியால் பூச்சை மெல்லத் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் கேட்கும் இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிட்டுக்கொண்டால் பொறியாளருக்கு உதவியாக இருக்கும். அவர் வந்து பார்க்கும் வரை மாடியில் தண்ணீர்த் தொட்டி, நெல் மூட்டை எதையும் வைக்காதீர்கள். 1,000 லிட்டர் தண்ணீரின் எடை மட்டுமே ஒரு டன்.

திருத்துறைப்பூண்டி: கஜா புயலில் பறந்தது போக மீதி இருக்கும் பழைய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடுகளில் விரிசல் இருக்கிறது. துளையிட்டுக் கட்டிவிடலாமா?

வேண்டாம். 2018 நவம்பரில் அந்தப் புயலைத் தாங்கிய தகடானாலும், துளையிட்டால் பறக்கும் கல்நார்த் தூசி நுரையீரலுக்குக் கேடு. நனைத்து, உடைக்காமல் கழற்றத் தெரிந்தவரிடம் விடுங்கள். அதன் மேல் நடக்கவும் வேண்டாம்.

மயிலாடுதுறை: கான்கிரீட் தளத்தில் ஒரு மூலையில் மட்டும் ஈரம். கம்பியோ வெடிப்போ தெரியவில்லை. இதற்கும் பொறியாளரா?

இல்லை, இது கொத்தனார் வேலை. அதற்கும் முன், மழைநீர் இறங்கும் குழாயின் வாயில் சருகு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்; பாதி ஒழுகல்கள் அங்கேதான் முடிந்துவிடுகின்றன என்பது என் அனுபவம். பிறகு ஒரு வாளித் தண்ணீரை மாடியில் ஊற்றி, அது குழாயை நோக்கி ஓடுகிறதா, மூலையிலேயே தேங்குகிறதா என்று கவனியுங்கள். தேங்கினால் வாட்டம் சரியில்லை.

அதே உறுப்பினர்: ஐப்பசி நெருங்குகிறதே, வேலையை இப்போதே தொடங்கலாமா?

வாட்டம் திருத்தும் பூச்சுக்கு வெயிலும் சில நாள் ஈரப்பதமும் தேவை. அடைமழைக்கு நடுவே போடும் பூச்சு கரைந்து போகும். மூலையில் தார்ப்பாய் விரித்து, விளிம்புகளைச் செங்கல்லால் அழுத்திவிட்டுத் தை பிறந்ததும் செய்யுங்கள். மேலே வேதாரண்யத்து உறுப்பினர் சொன்னது போன்ற வீடுகள் மட்டும் தை வரை காத்திருக்கக் கூடாது.