கேள்வி–பதில்: கடலுக்கடியில் மலை ஏறலாமா?

கேள்வி: கடலுக்குள் மலைகள் இருக்கிறதாமே, அதெல்லாம் மூழ்கிப்போன நிலமா? (வாசகர், கரூர்)

பதில்: பெரும்பாலும் இல்லை. கடலடியிலேயே பிறந்து, வெளியே தலைகாட்டாமலே அணைந்துபோன எரிமலைகள்தான். கடல்தரையிலிருந்து 1,000 மீட்டராவது உயர்ந்தால்தான் மலைக் கணக்கில் சேர்ப்பது வழக்கம். கலிபோர்னியாவுக்கு அப்பால் உள்ள டேவிட்சன் மலையின் உயரம் சுமார் 2,280 மீட்டர், தொட்டபெட்டாவைவிடக் கொஞ்சம்தான் குட்டை, ஆனால் அதன் உச்சியைத் தொடவே 1,250 மீட்டர் கீழே இறங்க வேண்டும். சில மலைகளுக்கு உச்சி தட்டையாக இருக்கும். அவை மட்டும் முன்பு தீவுகளாக இருந்தவை. அலைகள் தலையைச் சீவிவிட்டன, அப்புறம் கடல்தரை தாழத் தாழ அவையும் உள்ளே போய்விட்டன.

கேள்வி: வெயிலே படாத ஆழத்தில் எது வாழும், எதைத் தின்னும்? (வாசகி, நாகப்பட்டினம்)

பதில்: மேலேயிருந்து விழுகிற மிச்சம் மீதியைத்தான். செத்த நுண்ணுயிர், கழிவு எல்லாம் தூள்தூளாக இறங்கிக்கொண்டே இருக்கும். சமவெளியில் அது சேற்றோடு சேறாகிவிடும். மலையில் மோதும் நீரோட்டமோ வேகமெடுத்து, சேற்றைத் துடைத்துவிட்டு, இரையையும் கொண்டுவந்து சேர்க்கும். அதனால்தான் பவளங்களும் கடற்பஞ்சுகளும் வெறும் பாறையில் ஒட்டிக்கொண்டு, சில நூறு வருஷத்துக்கு மேலும் இருந்த இடத்திலேயே வாழ்கின்றன.

உங்கள் ஊர்ப் பக்கம் பேய்க்கணவாய் என்பார்களே, அந்த ஆக்டோபஸ்கள் டேவிட்சன் அடிவாரத்தில், 3,200 மீட்டர் ஆழத்தில், கும்பல் கும்பலாக முட்டையிட்டுக் காவல் காப்பதை 2018-ல் பார்த்தார்கள். எண்ணிப் பார்த்த பகுதியில் மட்டும் சுமார் 6,000! சுற்றிலும் தண்ணீர் 1.6 டிகிரி, ஆனால் பாறை இடுக்குகளில் கசிகிற நீர் 11 டிகிரி வரை வெதுவெதுப்பு. அந்தக் குளிரில் முட்டை பொரிக்க ஐந்து வருஷத்துக்கு மேல்கூட ஆகலாம் என்று நினைத்த இடத்தில், இரண்டு வருஷத்துக்குள் பொரிந்துவிடுகிறது என்று 2023-ல் வெளியான ஆய்வு சொன்னது. தாய் அதுவரை பட்டினி கிடந்து, குஞ்சுகள் வெளியேறும் காலத்தில் செத்துப்போகும். அந்த உடலும் வீணாவதில்லை, நத்தைகளும் கடல் சாமந்திகளும் பக்கத்திலேயே இருக்கின்றன.

கேள்வி: இவற்றை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நம் பக்கம் உண்டா? (வாசகர், திருச்சி)

பதில்: மலையின் ஈர்ப்பு தண்ணீரைத் தன் பக்கம் இழுப்பதால் மேலே கடல்மட்டம் லேசாகப் புடைக்கும், அதைச் செயற்கைக்கோள் அளந்துவிடும். 2023-ல் இப்படிப் புதிதாகச் சேர்ந்தவை மட்டும் சுமார் 19,000. அதற்கு முன் 2005-ல், குவாம் தீவுக்குத் தெற்கே அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று, தன் வரைபடத்தில் இல்லாத மலையில் மோதி ஒரு மாலுமி இறந்தார். நம் மேற்குக் கரைக்கு அப்பால் அரபிக்கடலில் உங்கள் ஊர்க்காரர் சர் சி.வி.ராமன் பெயரிலேயே ஒன்று இருக்கிறது.

கேள்வி: அங்கே மீன் பிடிப்பார்களா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: நன்றாகவே பிடித்தார்கள். ஆரஞ்சு ரஃபி என்ற மீன் இந்த மலைகளைச் சுற்றித்தான் இனப்பெருக்கத்துக்குக் கூடும், முப்பது வயது வாக்கில்தான் முட்டையிடவே தொடங்கும், நூறு வயது தாண்டியும் வாழும். நியூசிலாந்து, ஆஸ்திரேலியக் கடல்களில் இழுவைமடி போட்டு வாரியதில் மீனும் சரிந்தது, மடி உரசிப் பவளங்களும் நொறுங்கின.