அடையாள அட்டையில் ஐந்நூறு

அன்புள்ள அக்கா,

கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்கள் டீமில் ஒரு திருநங்கை இருக்கிறார். வேலையில் கெட்டிக்காரி. ஆனால் படிவங்களில் ஏன் ஆணா பெண்ணா என்று கேட்கிறோம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கிளப்புகிறார். தொழில்நுட்பத்துக்குப் பால்நிலை கிடையாது, திறமை மட்டும்தானே முக்கியம்? உரிமைச் செயற்பாட்டை அலுவலகத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளலாமே. இதைப் புரிந்துகொள்ள ஒரு புத்தகம் சொல்லுங்கள்.

க., வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

புத்தகம் அப்புறம். கூட்டத்தில் என்ன பேசலாம் என்பது உங்கள் மனேஜரின் பாடு. நான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதம் தொட்டுவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். அட்டை எண்ணில் பிறந்த ஆண்டுக்கு அடுத்த மூன்று இலக்கங்கள், நீங்கள் ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்று சொல்பவை. ஜனவரி 10-இல் பிறந்த ஆணுக்கு 010. அதே நாளில் பிறந்த பெண்ணுக்கு 510. பெண் என்றால் 500 கூட்டு என்று முன்பு யாரோ தீர்மானித்தது. 2016-இல் 12 இலக்க எண் வந்தபோதும் அந்த 500 போகவில்லை. அதே 2016-இல்தான் சுகாதார அமைச்சு, திருநர் தம் ஆவணங்களில் பால்நிலையை மாற்ற உதவும் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழுக்கான சுற்றறிக்கையையும் வெளியிட்டது. பால்நிலை இல்லாத தொழில்நுட்பம் இதுவா?

என் நண்பன் ஒருவன் திருநம்பி, பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்பவன். தாடி வைத்தவன். ஒருமுறை சிம் வாங்க அவனோடு போயிருந்தேன். கவுண்டரில் இருந்த பிள்ளை இலக்கத்தைத் தட்டியதும் 'பெண்' என்று திரையில் தானாக விழுந்தது. "இது உங்கட தங்கச்சிட ஐசியா?" என்று சத்தமாகவே கேட்டாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சிம் வாங்காமலே வெளியே வந்துவிட்டான். அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபமில்லை. 500-க்கு மேல் என்றால் பெண் என்று கோட் எழுதிவிட்டு, தனக்கு இதில் சம்பந்தமில்லை என்று இருக்கிறவர் மேல்தான் கோபம். அதை நீங்களும் எழுதியிருப்பீர்கள்.

திறமை மட்டும் போதும் என்கிறீர்கள். அமெரிக்கக் கணினிப் பொறியியலாளர் லின் கான்வேயிடம் இல்லாத திறமையா? பெண்ணாக மாறப்போகிறேன் என்று சொன்னதற்காக 1968-இல் கணினி நிறுவனமான ஐபிஎம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. பழையதை மறைத்து, அடியிலிருந்து தொடங்கி, இன்றைய சில்லு வடிவமைப்பு முறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரானார். வெளிப்படையாகப் பேச 30 வருடம் ஆயிற்று. ஐபிஎம் மன்னிப்புக் கேட்டது 2020-இல்.

பேசத் தொடங்கியதும் அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று கணக்குப் போட்டது. திருநங்கைகள் 30,000 பேரில் ஒருவர்தான் என்று மனநல மருத்துவக் கையேடு சொல்லிவந்தது. அமெரிக்காவில் நடந்த அறுவைச் சிகிச்சைகளைக் கூட்டிப் பார்த்து, குறைந்தது 2,500 பேரில் ஒருவராவது இருப்பார் என்று காட்டினார். எண் தவறு என்று பட்டால் திரும்ப அளந்து பார்ப்பது பொறியியலாளரின் பழக்கம். அவருடைய செயற்பாடு அந்தப் பழக்கத்திலிருந்து வந்தது. உங்கள் டீமில் இருப்பவரும் அதைத்தான் செய்கிறார். வேறு யாராவது மென்பொருளில் பிழை (பக்) சொன்னால் அதைத் திருத்த டிக்கெட் போட்டுப் பதிகிறீர்கள். இவர் சொன்னால் மட்டும் செயற்பாடு என்கிறீர்கள்.

கம்ப்யூட்டர் ஆட்களோடு எனக்கு ஒரு சண்டையும் உண்டு. படிவத்தில் மூன்றாவது கட்டம் ஒன்று சேர்த்தால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆள்மாறாட்டம் பற்றிய தண்டனைச் சட்டப் பிரிவைக் காட்டித் திருநங்கைகளைப் பொலிஸ் பிடித்தது இந்த நாட்டில்தான். அதை எந்த மென்பொருளும் திருத்தாது.

ஆனாலும் உங்கள் கையில் இருப்பதைச் செய்யலாம். அடுத்த கூட்டத்தில் அவருக்குப் பதிலாக நீங்கள் பேசுங்கள், அவர் ஒரு நாளாவது ஆறுதலாக உட்காரட்டும். அதற்கு முன்னால் உங்கள் நிறுவனத்தின் கோடில் அந்த 500 எங்கெங்கே இருக்கிறது, அங்கெல்லாம் அது உண்மையில் எதற்குத் தேவை என்று தேடிப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா